தட்டுச் சத்தமும் எட்டு போல்ட்டுகளும்

பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். பொய்லர் அறைக்குள் காலை வைத்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு நட். கூட்டிச் சுத்தம் செய்த சீமெந்துத் தரையில், யாரோ எடுத்து வைத்தது போல நேராக நின்றது. அதற்குள் ஒரு விரல் அகலத்துக்கு போல்ட்டின் துண்டு. துரு இல்லை, அழுக்கு இல்லை. அப்போதுதான் கழுவிய கரண்டி மாதிரி மினுங்கியது.

குனிந்து எடுத்தேன். விரல் சுட்டது. கைக்குட்டையால் பிடித்துக்கொண்டேன்.

“நான் தொடலீங்க சேர்,” என்றார் கணேசன்.

நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

நமுனுகுல மலைச்சரிவில் உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலை அது. பெயர் வேண்டாம். கணேசன் அங்கே பொய்லர்காரர். முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். காற்றாடி ஒன்று இரைகிறது என்று தகவல் வந்ததால் நான் அன்று போனேன். பின்கதவு திறந்திருந்தது. பனிமூட்டம் அதன் வழியாக உள்ளே வந்து விறகு அடுக்கில் பாதியை மறைத்திருந்தது. பொய்லருக்கு மேலே, என் தலைக்கு இரண்டு அடி உயரத்தில், பிரதான நீராவிக் குழாயின் முதல் பிளாஞ்ச். இரண்டு விளிம்புத் தட்டுகளை முகத்தோடு முகம் சேர்த்து, நடுவில் கசிவை அடைக்கும் பாக்கிங் வைத்து, சுற்றிவர எட்டு போல்ட்டால் இறுக்கிய இணைப்பு. இப்போது ஏழு நட்டுகள் தெரிந்தன. எட்டாவது இடத்தில் முறிந்த முனை மட்டும். அமுக்கமானி முள் எட்டு பாரில் நின்றது.

அந்த எட்டு போல்ட்டையும் தேர்ந்தெடுத்தவன் நான். பூட்டியவனும் நான்.

தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் இந்த வேலைக்கு வருமுன் இரண்டு வருடம் பதுளையிலிருந்து ஒரு பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். நேரத்தையும் முதலில் கண்டதையும் குறித்துவைக்கும் பழக்கம் அங்கே பிடித்தது. என் சட்டைப்பை நோட்டில் அந்தத் தொழிற்சாலைக்கு நான் போன ஒவ்வொரு நாளும் இருக்கிறது. அந்த விபரீதத்துக்கான காரணமும் முன்னைய இரண்டு நாட்களின் குறிப்பில், என் கையெழுத்திலேயே இருந்தது. எழுதிவைத்தேன். என்னவென்று கேட்கவில்லை. வேலைத்தளத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதைத்தான் சொல்ல உட்கார்ந்தேன்.

அன்றைக்கு ஒன்பது மாதம் முன்னால் அந்த போல்ட்டுகளைப் பூட்டிய கதை இது. அதே பிளாஞ்சில் பழைய போல்ட்டுகள் துருவேறிப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தன. மேலே கூரைத் தகட்டில் ஒரு ஓட்டை. மழையென்றாலும் பனியென்றாலும் சொட்டுச் சொட்டாக அந்த பிளாஞ்சின் மேல்தான் விழும். வெளிநாட்டு வாங்குபவர்களின் பரிசோதனை வரப்போகிறது, துரு கண்ணில் படக்கூடாது என்றார் டீமேக்கர். தொழிற்சாலைக்குள் அவர் சொல்வதுதான் சட்டம். நானும் யோசித்தேன். துருப் பிடிக்கிறது, ஆகவே துருப் பிடிக்காததைப் போடுவோம். கூரையை யாரும் யோசிக்கவில்லை.

பதுளைக் கடைவீதியில், எல்லோரும் நானா என்று அழைக்கும் கடைக்காரரிடம் போனேன். முப்பது வருடமாக போல்ட், நட், வால்வு விற்கிறவர். எனக்குத் தெரிந்த எந்தப் பொறியியலாளரையும் விட உலோகம் அறிந்தவர்.

“எட்டு ஸ்டெயின்லெஸ் போல்ட் வேணும் நானா. எட்டுல அஞ்சு இஞ்சி மொத்தம்.”

“எங்க போடப்போறீங்க?”

“ஸ்டீம் லைன்ல.”

பெட்டியை எடுக்கப்போன கை நின்றது. “சூடும் ஈரமும் மாறி மாறி வர்ற எடத்துக்கு இதக் குடுக்க எனக்கு மனசில்ல தம்பி. கிழக்குக் கரையில மச்சான் ஒருத்தர் ஹோட்டல்ல வேல. வெந்நீர் லைன்ல இதே போல்ட். ஒரு நாள் சும்மா இருந்தாப்ல ஒடஞ்சிருச்சு. கடக் காத்து.”

“நானா, பதுளையில கடல் எங்க இருக்கு?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானாவும் சிரித்தார். “அதுவும் சரிதான். எவர்சில்வர் சட்டி மாதிரி மினுங்கும், டீமேக்கர் மொகம் பாத்துத் தல சீவலாம்.” பெட்டியைத் தந்தார்.

போல்ட்டின் முனையில் ஒரு எழுத்தும் எண்ணும் குத்தியிருக்கும். இந்த ரகத்தில் அதற்குக் கீழே சிறு கோடு இருந்தால் வலுவேற்றியது, கோடு இல்லையென்றால் மென்மையான ரகம். எனக்குக் கிடைத்ததில் கோடு இல்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எட்டு பாருக்கு, அந்தப் பாக்கிங்குக்கு, அது போதும் என்று வந்தது. கணக்கு பிழையில்லை. இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் அதே விடைதான் வருகிறது.

அன்று பிற்பகலுக்கு வருகிறேன். ஒரு போல்ட் போய்விட்டது, ஏழு இருக்கிறது. கொழுந்து மாடியில் கிடக்கிறது, அதை வாட்ட நீராவி வேண்டும். நானும் ஒரு சாதாரண ஃபிட்டரின் மனதோடுதான் நினைத்தேன்: இந்தக் கொழுந்து முடியட்டும், ஆறிய பிறகு ஒன்றை மாற்றிவிடலாம்.

“இது எப்ப விழுந்துச்சு?”

“நீங்க வர ரெண்டு நிமிஷத்துக்கு முந்திங்க. டக்குன்னு கீழ நிக்குது. நான் அந்தப் பக்கம் போகவே இல்ல.” கணேசன் குரலைத் தாழ்த்தினார். “அவரு வேலைங்க சேர்.”

“யாரு வேல?”

அவர் பொய்லரின் பக்கவாட்டைக் காட்டினார். அங்கே ஓர் ஆணியில் பழைய ஸ்பேனர் ஒன்று தொங்கியது. கைப்பிடி தேய்ந்திருந்தது.

அது மருதையின் ஸ்பேனர். கணேசனுக்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் அங்கே பொய்லர் பார்த்தவர். கொழுந்து வாட்டும் மாடியில் காற்றாடிகள் ஓடும்போது கீழே இருந்து கத்தினால் கேட்காது. அதனால் மருதை குழாயில் ஸ்பேனரால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நீராவி வருகிறது, வால்வைத் திற. இரண்டு என்றால் மூடு. சத்தம் இரும்பு வழியாக ஏறி மாடி முழுக்கக் கேட்கும். இரண்டு வருடம் முன்னால் அவர் தோட்டத்து லயத்தில், தன் வீட்டுக் கட்டிலில், மார்புவலியில் இறந்தார். தொழிற்சாலையில் எந்த விபத்தும் இல்லை. அதன் பிறகு மின்மணி வைத்துவிட்டார்கள். ஸ்பேனரை யாரும் எடுக்கவில்லை.

“இப்ப சில மாசமாத் தட்டுறாருங்க,” என்றார் கணேசன். “ஒரே ஒரு தட்டு. நான் இங்க தனியா நிக்கும்போதே கேட்டுருக்கேன். சுத்திப் பாத்தா ஆளில்ல. ஸ்பேனரு ஆணியிலயே கெடக்குது, ஆடக்கூட இல்ல.”

“எத்தன தடவ?”

“மேல பாக்கியம் அக்காகிட்ட கேளுங்க. அவங்கதான் கோடு போட்டு வச்சிருக்காங்க. மருதை மாமா சம்சாரம்.”

மூன்று மணி இருபத்தொன்பதுக்கு மாடிக்கு ஏறினேன். நீளமான படுக்கைகளில் பச்சைக் கொழுந்து. ஜன்னல்களுக்கு வெளியே மலையே இல்லை, வெள்ளை மட்டும். பாக்கியத்துக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். கொழுந்தைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தவர் நான் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு குழாய் ஏறிவரும் தூணுக்கு அழைத்துப் போனார். தூணில், கண் உயரத்தில், சோக்கால் போட்ட கோடுகள். நாலு.

“எல்லாம் லீவு முடிஞ்சு மறுநாளுங்க,” என்றார். “பொய்லரு ஆறிக் கெடந்து திரும்பப் பத்தவைக்கிறப்பதான் வருவாரு. இந்தக் கடசிக் கோடு பௌர்ணமிப் போயா லீவுக்கு மறுநாள் காலையில.”

“பயமா இல்லியாம்மா?”

“எனக்கென்னங்க பயம்? இருபத்திரண்டு வருசம் அந்தச் சத்தத்துக்குத்தான் வால்வு தொறந்தேன்.” படுக்கைகளின் பக்கம் திரும்பினார். “மத்த பொம்பளைங்க பயப்படுதுங்க. நான் பக்கத்துல போய் நின்னுக்குவேன்.”

பேசிக்கொண்டே நான் ஒரு கையைக் குழாயின் உறையில் வைத்திருந்தேன். இன்னொரு கையில், கைக்குட்டைக்குள், அந்த நட் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. இறுகப் பூட்டிய போல்ட் முறியும்போது என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு தட்டு. சூடேறும் வேளையிலோ ஆறும் வேளையிலோதான் வரும்.

குழாயிலிருந்து கையை எடுத்தேன். கோடுகளை மறுபடி எண்ணினேன்.

கீழே வந்ததும் நீளமான விளக்குமாற்றைத் திருப்பிப் பிடித்து, கட்டையின் முனையால் முறிந்த போல்ட்டுக்குப் பக்கத்து நட்டை மெல்லத் தொட்டேன். அது சுற்றியது. மனிதர் தலையைத் திருப்பிப் பார்ப்பது போல, மெதுவாக, சத்தமில்லாமல். அடுத்ததைத் தொட்டேன். அதுவும் சுற்றியது. விழுந்ததையும் சேர்த்து மூன்று. நாலாவதைத் தொடவில்லை. தொட வேண்டிய தேவை இருக்கவில்லை.

உடைந்த போல்ட்டுகள் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு, முழுசாக இருப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தன.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும். அந்த பிளாஞ்ச் பிரதான வால்வுக்கு முன்னால், பொய்லர் பக்கம் இருந்தது. கை தானாக வால்வை மூடத்தான் போகும். மூடினால் நீராவி போக வழியில்லாமல் அமுக்கம் ஏறும், ஏறுவது முழுக்க மிஞ்சிய நாலு போல்ட்டின் மேல். எல்லோரும் ஓடிவிடலாம். அடுப்பு நிறைய விறகு எரிகிறது. பாதுகாப்பு வால்வு பத்து பாரில்தான் திறக்கும். எட்டிலிருந்து பத்துக்குப் போகும் வழியில் என்ன நடக்கும் என்று சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. நெருப்பில் தண்ணீர் ஊற்றினால் ஊற்றுகிறவர் முகம் வெந்துவிடும். மிஞ்சுவது ஒன்று. மேலே எல்லா வால்வையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து நீராவியைக் குடிக்கவிட வேண்டும். பொய்லருக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். எரிகிற விறகைக் கம்பியால் வெளியே இழுத்துப்போட வேண்டும். அதை அடுப்பு வாயில் நின்றுதான் செய்ய முடியும். அடுப்பு வாய் சரியாக பிளாஞ்சுக்குக் கீழே. அதை விரைவாகச் செய்யத் தெரிந்தவர் கணேசன் மட்டும்.

மின்மணியில் இதையெல்லாம் சொல்ல வழியில்லை. பாக்கியம் எனக்குப் பின்னாலேயே இறங்கிவந்து கதவடியில் நின்றிருந்தார். அவரிடம் சொன்னேன். “எல்லாத்தையும் தொறந்து விடுங்க, ஒவ்வொண்ணா. நான் மேல வந்து சொல்ற வரைக்கும் ஒண்ணையும் மூடக்கூடாது. யாரும் கீழ வரவும் கூடாது.” அவர் ஏன் என்று கேட்கவில்லை. படியேறிப் போனார்.

பிறகு கணேசனிடம் திரும்பினேன். “மேல நாலு போல்ட் ஒடஞ்சிருக்கு.”

“ஒண்ணுதானுங்களே விழுந்துச்சு?”

“மத்தது விழல. ஆனா ஒடஞ்சிருக்கு. மிச்சம் நாலும் எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது.”

அவர் மேலே பார்த்தார். பிறகு என்னை. “அப்ப நான் ஓடணுமுங்களா, நிக்கணுமுங்களா?”

“நெருப்ப வெளிய இழுக்கணும். இருபது நிமிஷம் அதுக்குக் கீழதான் நிக்கணும். நானும் நிப்பேன். முடியாதுன்னா இப்பவே சொல்லுங்க, ரெண்டு பேரும் வெளிய போயிருவோம்.”

“நீங்க பூட்டுன போல்ட்டுதானுங்களே சேர்?”

“ஆமா.”

“அப்ப நீங்க நிக்கத்தான் வேணும்,” என்றார். இலேசாகச் சிரித்தார். சட்டையைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு நீளக் கம்பியை எடுத்தார்.

மூன்று மணி முப்பத்தெட்டு. அவர் இழுத்தார், வெளியே விழுந்த கொள்ளிகளை நான் பின்கதவு வழியே மண்வெட்டியால் தள்ளினேன். இடையில் பம்ப்பைப் போட்டேன். பனியும் புகையும் கலந்து ஒருவரை ஒருவர் இடுப்புக்குக் கீழ் பார்க்க முடியவில்லை. நான் மேலே பார்க்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். ஆனாலும் பார்த்தேன். பிளாஞ்சின் மேல் விளிம்போடு ஒரு சிறு மஞ்சள் துணி மூட்டை கட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு சொட்டு திரண்டு, நின்று, விழுந்தது. என் நோட்டில் இரண்டு தடவை எழுதியிருந்தேன்: ‘பிளாஞ்சில் மஞ்சள் மூட்டை.’ முதல் தடவை கணேசனே கேட்டார், கழற்றிவிடவா என்று. கண்ணேறுக்குக் கட்டியிருப்பார்கள், சாமி விஷயம் என்று நினைத்து, இருக்கட்டும் என்றேன்.

முள் ஏழு. ஆறரை. ஆறு.

ஐந்து பாரில் அது கேட்டது. ஒரு தட்டு.

மேலிருந்தா, பக்கத்திலிருந்தா, உள்ளிருந்தா என்று சொல்ல முடியாது. அறை முழுக்க ஒரே நேரத்தில் கேட்டது. கணேசனின் கம்பி நின்றது. நான் ஸ்பேனரைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்தார். அது ஆணியில் இருந்தது.

“அஞ்சாவது,” என்றார் கணேசன்.

மிஞ்சியது மூன்று போல்ட் என்று நான் மனதுக்குள் திருத்திக்கொண்டேன். பிளாஞ்ச் சீறவில்லை. ஓர் இழை ஆவிகூட இல்லை. “போவமா?” என்றேன். அது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விதானா என்று இன்றும் தெரியாது. அவர் தலையை ஆட்டினார், ஆமென்றா இல்லையென்றா புரியவில்லை, கம்பியை மறுபடி உள்ளே விட்டார். ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இழுத்தார். உற்றுக் கேட்டபோது அவர் மருதையோடு பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. “இருங்க மாமா, இன்னும் நாலு கட்டதான். இருங்க.”

நாலு மணி பன்னிரண்டுக்கு முள் பூச்சியத்தில் படுத்தது. வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தோம். கணேசன் பீடி பற்றவைக்க மூன்று குச்சி தேவைப்பட்டது. எனக்கு அவர் நீட்டிய பீடி என் விரலிடுக்கில் நிற்காமல் படியில் விழுந்தது. “உங்க போல்ட்டு, உங்களுக்கே பயமுங்களா,” என்றார்.

ஆறியதும் கழற்றினேன். நாலு போல்ட் கையோடு வந்தன. மற்ற நாலுக்கும் ஸ்பேனர் போட வேண்டியிருந்தது. அவற்றில் இரண்டில் மயிர்க்கீறல்கள், மரத்தின் கிளைகள் போலப் பிரிந்து பிரிந்து ஓடின. உடையாமல் இருந்தன. இரண்டு முறை எண்ணினேன். உடைந்தது நாலு. ஐந்து பாரில் கேட்ட சத்தத்தை அறிக்கையில் ‘குழாய் ஆறிச் சுருங்கிய ஒலி’ என்று எழுதினேன். அப்படித்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் காலை நானாவின் மேசையில் நாலு துண்டையும் வைத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். எங்கும் இழுபட்டு மெலிந்த அடையாளம் இல்லை. கண்ணாடித் துண்டு மாதிரி உடைந்திருந்தன. மரைகளின் இடுக்கில் வெள்ளையாகப் பொருக்கு. நகத்தால் சுரண்டி நாக்கு நுனியில் வைத்தார்.

“உப்புத் தம்பி.”

“என்ன நானா சொல்றீங்க?”

“நீங்களே பாருங்க.”

வைத்துப் பார்த்தேன். சமையலறை உப்பு.

“பதுளையில கடல் எங்கன்னு கேட்டீங்களே,” என்றார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

திரும்பிப் போய் அந்த மஞ்சள் மூட்டையை அவிழ்த்தேன். கல்லுப்பு, காய்ந்த மிளகாய், ஒரு கரித்துண்டு. மேலே புதிதாகப் போட்ட உப்பு, அடியில் கரைந்து ஊறிய உப்பு. கூரைச் சொட்டு மூட்டையில் விழுந்து, உப்பைக் கரைத்துக்கொண்டு, சூடான போல்ட்டின் மேல் இறங்கியிருக்கிறது. தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். பொய்லர் ஆறும், பனி ஈரமாக்கும், மறுபடி சூடாகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தாங்காத சேர்க்கை இது: சூடு, உப்பு, இறுக்கம்.

“எப்ப இருந்து கட்டுறீங்க?” என்று கணேசனைக் கேட்டேன்.

“நான் வந்ததுல இருந்துங்க. சும்மா ஒரு காவலுக்கு, வாசல் நெலையில. அங்கதான் மொதல்ல கட்டுனேன். தட்டுற சத்தம் கேட்ட பெறகு, அவரு தட்டுற எடத்துலயே கட்டுவோம்னு அங்க மாத்துனேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம புதுசு. சத்தம் கேட்டா அந்த வாரம் ரெண்டு பிடி கூடப் போடுவேன்.”

அவர் சொல்லி முடிக்கும்போதே அவருக்கும் விளங்கிவிட்டது. முகம் மாறியது. முதல் சத்தத்துக்கு முன்னால் உப்பு அந்த இடத்தில் இல்லை. முதல் போல்ட் எதனால் உடைந்தது என்று நான் கேட்டுக்கொண்டேன். சொட்டு விழுந்த கூரைத் தகட்டுக்கு மேலே புறாக்கள் அடையும். அவற்றின் எச்சத்திலும் உப்பு உண்டு என்று ஒரு விளக்கம் சொன்னார்கள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

“நானே எனக்குக் குழி வெட்டிருக்கேனுங்களா சேர்?”

“நீங்க உப்பு எங்க வேணும்னாலும் கட்டலாம். உப்பு பட்டா ஒடையுற போல்ட்ட அங்க போட்டது நான்.”

மெனேஜர் அறிக்கையின் முதல் வரியில் உப்பு வர வேண்டும் என்றார். நான் முதல் வரியில் போல்ட் தேர்வு என்னுடையது என்று எழுதினேன். இரண்டாவதில் கூரை. உப்பு மூன்றாவதில் வந்தது. கணேசனுக்கு வேலையில் எதுவும் நேரவில்லை.

உங்களுக்குச் சொல்வதற்கு அதிகமில்லை. துருப் பிடிக்கும் போல்ட் பல மாதம் முன்னாலேயே தன் நிலைமையைச் சொல்லிவிடும். பொருக்கு விழும், நிறம் மாறும், பார்ப்பவன் வெறுப்பான். ஸ்டெயின்லெஸ் ஒன்றும் சொல்லாது. கடைசி நிமிடம் வரை அழகாக இருக்கும். பூட்டும்போதும் அப்படித்தான். பண்டாரவளையில் ஒரு வேலையில் எண்ணெய்ப் பூச்சு இல்லாமல் ஸ்டெயின்லெஸ் நட்டை ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஏற்றினேன். அளவு காட்டும் ஸ்பேனர் சரியான இடத்தில் ‘டிக்’ என்றது. நட் மரையோடு ஒட்டிச் சிக்கியிருந்தது, பிளாஞ்ச் இறுகவே இல்லை. ஸ்பேனர் சொன்னது நட் சிக்கிய பலத்தை. ஆகவே போல்ட் தேர்ந்தெடுக்கும்போது என்ன அமுக்கம், என்ன சூடு, என்ன பாக்கிங் என்று கேளுங்கள். பிறகு அந்த இடத்தில் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். மேலிருந்து என்ன சொட்டுகிறது, யார் வந்துபோகிறார்கள், யார் எதைக் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். பார்த்ததை எழுதுவதோடு விடாதீர்கள், கேளுங்கள். மரியாதைக்காக நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி ஒரு மனிதனின் தலைக்கு மேல் மாதக்கணக்கில் தொங்கியது.

கூரைத் தகட்டை மாற்றினோம். நானாவிடமே கறுப்பான, அழகில்லாத, கலப்பு உருக்கு போல்ட் எட்டு வாங்கிப் பூட்டினேன். உப்பு மூட்டை மறுபடி வாசல் நிலைக்குப் போனது.

நாலு மாதம் கழித்து அதே தொழிற்சாலைக்குப் போனபோது மாடிக்கு ஏறினேன். தூணில் ஐந்து கோடுகள் இருந்தன. ஐந்தாவதை, நாங்கள் நெருப்பை இழுத்த அந்தப் பிற்பகலில், பாக்கியம் மேலே இருந்தபடியே போட்டிருக்கிறார். நடந்ததெல்லாம் அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நானும் சொன்னேன். அது இரும்பு உடைந்த சத்தம் என்று, எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக.

“தெரியுங்க,” என்றார். “நாலும் அவரு தட்டு இல்லன்னு எனக்கு அப்பவே தோணுச்சு. கொஞ்சம் கீச்சா இருக்கும். இருந்தாலும் கேக்கட்டும்னுதான் கோடு போட்டேன்.” தூணைத் தடவினார். “அஞ்சாவதுதான் அவரு கை.”

காற்றாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“புது போல்ட்டு போட்ட பெறகு ஒரு சத்தமும் இல்லீங்க சேர்.”

“இல்லம்மா. நல்ல போல்ட்டு.”

“லீவு முடிஞ்சு பத்தவைக்கிற அன்னைக்கெல்லாம் இங்கேயே நின்னு பாக்குறேன்.” குழாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “இனி வரமாட்டாருங்களா?”

அந்தக் கறுப்பு போல்ட்டுகள் எட்டில் ஒன்றும் இன்றுவரை உடையவில்லை.